வாய்க்கால் போகும் வழி: சைக்கிள் கேள்வி பதில்

திருகோணமலையில் லொறிக்கும் வானுக்கும் ஒதுங்கி ஒதுங்கி ஓடாமல், நிம்மதியாகச் சைக்கிளில் ஊர் பார்க்க எங்கே போகலாம் என்று பலர் எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியோடு தொடங்குகிறோம். ரயர், யானை, உப்புக்காற்று எல்லாம் பின்னால் வருகின்றன.

*

ஓய்வுபெற்ற பிறகு சைக்கிளைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். நிலாவெளி வீதியில் ஹோட்டல் வான், கண்டி வீதியில் டிப்பர். வாகனமே வராத சைக்கிள் பாதை நம்முடைய மாவட்டத்தில் உண்டா? பழைய இடங்களையும் பார்த்து வரக்கூடியதாக இருந்தால் நல்லது.
— வாசகர், உவர்மலை

சைக்கிளுக்கென்று போட்ட பாதை எதுவும் இல்லை, ஐயா. ஆனால் தண்ணீருக்கென்று போட்ட பாதைகள் நிறைய இருக்கின்றன. பெரிய குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு வண்டிப் பாதை உண்டு. தண்ணீர் விடும் துருசைத் திறக்கப் போகிறவர், உரம் ஏற்றிய உழவு மெசின், மாடு, பள்ளிப் பிள்ளை என்று அதில் வருகிறவர்கள் அவ்வளவுதான்.

சைக்கிள்காரருக்கு இன்னொரு லாபமும் உண்டு. தண்ணீர் மேட்டில் ஏறாது. நிலத்தின் மட்டத்தோடு வளைந்து வளைந்து, தெரியாத இறக்கத்தில்தான் அது போக வேண்டும். அநுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஜய கங்கை என்ற பழைய வாய்க்கால், முதல் 17 மைலில் மைலுக்கு 6 அங்குலம்தான் இறங்குகிறது என்று சொல்வார்கள். எல்லா வாய்க்காலும் அத்தனை நுட்பமில்லை. என்றாலும் வாய்க்கால் கரையில் மூச்சு வாங்கும் ஏற்றம் வராது. வந்தால் நீங்கள் வாய்க்காலை விட்டு விலகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தொடங்குவதற்கு நல்ல இடம் தம்பலகாமம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டைகள், அதாவது வயல்வெளிகள். நடுவே ஆதி கோணேசர் கோயில். 1622இல் போர்த்துக்கேயர் மலையில் இருந்த கோணேசர் கோயிலை இடித்தபோது காப்பாற்றப்பட்ட திருவுருவங்கள் பின்னர் இங்கே வந்து சேர்ந்ததாக ஊர் வழக்கு. வயலில் இருந்து பார்த்தால் கோபுரம் தூரத்திலேயே தெரியும். வழி தவறினாலும் அதை வைத்துத் திசை பிடிக்கலாம்.

பட்டினத்திலிருந்து கண்டி வீதியால் நேரே போக வேண்டாம். சீனன்குடாப் பக்கம் திரும்பி, வெள்ளைமணல் வழியாகக் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து, கிண்ணியா – தம்பலகாமம் வீதியைப் பிடியுங்கள். பாலம் 2009இல் திறந்தது. 396 மீற்றர் நீளம். அதில் சைக்கிளோடு நிற்பதானால் நடைபாதை ஓரமாக நில்லுங்கள். பக்கக் காற்று திடீரென்று தள்ளும். போன வழியே திரும்பினால் மொத்தம் 70 கிலோமீற்றர் அளவு. கண்டி வீதியால் திரும்பினால் 60 அளவில் முடியும். அந்த 10 கிலோமீற்றர் மிச்சத்துக்காக டிப்பரோடு மல்லுக்கட்டுவது எங்கள் கணக்கில் நட்டம். ஒரேயடியாக 70 முடியாது என்றால் சைக்கிளைச் சின்ன லொறியில் கிண்ணியா வரை ஏற்றிவிடுங்கள். தம்பலகாமத்தில் ரயில் நிலையமும் உண்டு. ரயிலில் சைக்கிளைப் பார்சலாகப் பதிய வேண்டும், ஆகவே முதல் நாளே நிலையத்தில் கேட்டு வையுங்கள்.

வாய்க்கால் வீதியில் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள். பெரிய வாய்க்காலுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கட்டு இருக்கும். மறுபக்கம் இயற்கை மேடு. வீதி கட்டின் மேல்தான் ஓடும். தவறான பக்கத்தால் நுழைந்தால் 1 கிலோமீற்றரில் பற்றைக்குள் முடியும். அப்போது சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டாம். அடுத்த துருசடியில் கடக்க ஒரு பாலமோ கொங்கிறீற் படியோ இருக்கும். வாகனத்தைத் தடுக்கச் சங்கிலியோ கல்லோ போட்டிருந்தால் சைக்கிள் ஒதுங்கிப் போகலாம். ஆனால் "உட்பிரவேசிக்கத் தடை" என்று பலகை இருந்தால் அது உங்களுக்கும்தான். எந்தக் கரையால் போனால் எந்த வட்டையில் முடியும் என்று தெளிவாகச் சொல்லக்கூடியவர் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை. கைபேசி வரைபடம் வாய்க்காலையும் வீதியையும் ஒரே கோடாகக் காட்டும், அதை நம்பி இருட்டில் போனவர் தண்ணீருக்குள்தான் இறங்குவார்.

காலம் முக்கியம். பெரும்போக அறுவடை நடக்கும் மாசி கடைசியிலும் பங்குனியிலும் அந்த அமைதியான வீதியெல்லாம் அறுவடை மெசினுக்கும் நெல் ஏற்றும் லொறிக்கும் சொந்தம். தார் வீதியில் நெல் காயும். அதன் மேல் சைக்கிள் ஏற்றினால் திட்டு வாங்குவீர்கள், வாங்கவும் வேண்டும். தை நடுவிலிருந்து மாசி முற்பகுதி வரை மழை விட்டிருக்கும், கதிர் பழுத்திருக்கும், மெசின் வந்திருக்காது. இரண்டாவது நல்ல காலம் சிறுபோகத்தில், ஆனி மாத அளவில்: வாய்க்கால் நிறையத் தண்ணீர், வயல் முழுக்கப் பச்சை. ஆனால் காலை 10 மணிக்கு மேல் வெயில் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

மழை பெய்த மறுநாள் வாய்க்கால் கரைக்குப் போகாதீர்கள். கிறவல் தாங்கும், இடையில் வரும் களிமண் தாங்காது. ரயரில் ஒட்டிய களி மட்காட்டுக்குள் போய் இறுகி, 50 மீற்றரில் சில்லு சுற்றாமல் நிற்கும். நின்றுவிட்டால் மிதித்துப் போராடாமல் இறங்கி, ஒரு தடியால் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் கிளறி எடுத்துவிட்டு, புல் ஓரமாக உருட்டிக்கொண்டு போங்கள். அதிகம் முறுக்கினால் மட்காட் கம்பி வளைந்து சில்லுக் கம்பிகளுக்குள் போகும்.

*

ஒரே நாளில் மூன்று தரம் பஞ்சர். ஒவ்வொரு தரமும் கடையில் ஒட்டியும் திரும்பவும் போகிறது. ரியூப் பழுதா, கடைக்காரர் பிழையா?
— வாசகர், கிண்ணியா

பெரும்பாலும் இரண்டும் இல்லை. முதல் முள்ளே இன்னும் ரயருக்குள் இருக்கிறது.

நெருஞ்சி, சூரை இரண்டும் நுனி முறிந்து ரப்பருக்குள் தங்கும் சாதி. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புப் புள்ளி மாதிரி. கையால் தடவினால் தெரியாது. காற்று அடித்துப் பாரமும் ஏறும்போதுதான் நுனி உள்ளே எட்டிப் பார்த்து ரியூப்பைக் குத்தும். அதனால்தான் ஒட்டி 3 கிலோமீற்றர் போன பிறகு மீண்டும் போகிறது.

ரயரைக் கழற்றும் முன் வால்வு இருக்கும் இடத்துக்கு நேரே ரயரில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். ரியூப்பில் துளை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி என்று பார்த்து, ரயரில் அதே தூரத்தில் தேடுங்கள். கழற்றும்போது ரியூப் திரும்பியிருக்கலாம், ஆகவே வால்வுக்கு இரு பக்கமும் பாருங்கள். விரலை விட வேண்டாம். ஒரு பஞ்சுத் துண்டை உள்புறம் முழுதும் இழுத்துப் பாருங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சு நூல் சிக்கி நிற்கும். ரயரை அந்த இடத்தில் உள்புறம் வெளியே வருமாறு மடித்தால் முள் தலை காட்டும். மயிர்பிடுங்கியால் எடுங்கள். வெளியிலிருந்து குண்டூசியால் குத்தி உள்ளே தள்ளினால் பாதி அங்கேயே நிற்கும்.

இனி ஒட்டு. ஒட்டுத் துண்டைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக அரத்தாளால் தேய்த்து மினுக்கத்தை எடுங்கள். ரியூப்பில் அச்சு வார்த்த கோடு துளைக்குக் கீழே ஓடினால் அதையும் தேய்த்து மட்டமாக்குங்கள். அந்தக் கோட்டின் ஓரத்தால்தான் காற்று கசியும். தூசியைத் துடைத்துச் சொலூசனை மெல்லிசாகப் பூசுங்கள். பிறகு பொறுமை. 5 நிமிடம், சூடான கச்சான் காற்று அடிக்கும் மத்தியானத்தில் 3 நிமிடம். பளபளப்புப் போய், விரல் நுனியால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டை அழுத்துவதுதான் அவசரக் கடைகளில் நடக்கும் பிழை. உள்ளே அகப்பட்ட ஆவி ஒட்டைத் தூக்கிவிடும். ஒட்டியபின் நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 நிமிடம் அழுத்துங்கள்.

துளை ஒன்றல்ல, அருகருகே இரண்டு சிறு கீறல் என்றால் அது முள்ளே இல்லை. காற்றுக் குறைவாக இருந்து மதகு ஓரத்தில் மோதியபோது றிம் ரியூப்பைக் கடித்த அடையாளம். 28 அங்குலச் சாதாரண சைக்கிளுக்குப் பின்னால் 45, முன்னால் 40 இறாத்தல் காற்று போதும். 26 × 1.95 தடித்த ரயருக்குப் பின் 40, முன் 35. கடற்கரை மணலில் 25 வரை இறக்கலாம், தார் வீதி வந்ததும் ஏற்ற மறக்கக் கூடாது.

பழைய வகை வால்வு என்றால் ரியூப்பைக் கழற்றும் முன் வால்வு நுனியில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் பழுது உள்ளே இருக்கும் வால்வு ரப்பர்தான். விரல் நீளத் துண்டு ஒன்றைப் பையில் வைத்திருந்தால் உங்கள் பாதிப் பஞ்சர்கள் பஞ்சரே இல்லை என்று தெரியவரும்.

கோயில் வாசலில் வெயிலில் விட்ட சைக்கிளுக்கு ஒட்டு விடுவதையும் கேட்டிருந்தீர்கள். காற்று விரிவதால் என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால், 30 பாகையில் 50 இறாத்தல் அடித்த ரயர் 60 பாகைக்குச் சூடானாலும் 6 அல்லது 7 இறாத்தல்தான் கூடும். ரியூப் அதைத் தாங்கும். சூட்டில் இளகுவது சரியாகக் காயாத சொலூசன். ஆகவே நிழலில் விடுங்கள், அல்லது ஒழுங்காக ஒட்டுங்கள். இரண்டும் செய்தால் இன்னும் நல்லது.

*

நான் பாரிஸில் இருக்கிறேன். கோடையில் துலூஸிலிருந்து கால்வாய்க் கரையால் சைக்கிளில் போக எண்ணம். அம்மா நிலாவெளியில் இருந்து "இங்கேயும்தான் வாய்க்கால் இருக்கு" என்று சிரிக்கிறா. அந்தக் கால்வாயைப் பற்றிச் சொல்ல முடியுமா?
— வாசகி, பாரிஸ்

அம்மா சொல்வது சரிதான் தங்கச்சி. வேலை வேறு, வித்தை ஒன்று. நீங்கள் சொல்வது கனால் து மிதி. பியர் போல் ரிக்கே என்பவர் 1666இல் தொடங்கி, அவர் இறந்த அடுத்த வருடமான 1681இல் திறந்த கால்வாய். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடற்கரைக் களப்பு வரை 240 கிலோமீற்றர். 1996இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். நம்முடையது வயலுக்கு, அது படகுக்கு. படகை இழுத்துப்போன குதிரைகளின் பாதைதான் இப்போது சைக்கிளுக்கு.

துலூஸை விட்டு ஏறக்குறைய 50 கிலோமீற்றர் வரை தார் போட்ட நல்ல பாதை, வாகனம் இல்லை. அங்கே எந்தச் சைக்கிளும் ஓடும். அதற்கப்பால் மண்ணும் கல்லும், மரவேர்கள் குறுக்கே. ஒல்லி ரயர் வேண்டாம், 35 மில்லிமீற்றருக்குக் குறையாமல் போடுங்கள். வேரில் வேகமாக ஏறினால் பின்சில்லுக் கம்பி முறியும். மிக உயர்ந்த இடம் 189 மீற்றர்தான். படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டு வரும் இடங்களில் மட்டும் சிறு ஏற்றம். நிழல் தந்த பிளேன் மரங்கள் 2006இலிருந்து ஒரு பூஞ்சண நோயால் பெருமளவு வெட்டப்பட்டுவிட்டன, ஆகவே ஆடி, ஆவணியில் போனால் நிலாவெளி வெயிலைச் சில இடங்களில் அங்கேயும் காண்பீர்கள். காற்று மேற்கிலிருந்தா கிழக்கிலிருந்தா என்று முதல் நாள் பார்த்துக்கொள்ளுங்கள். மரமில்லாத கரையில் எதிர்க்காற்று ஏற்றத்தைவிட மோசம்.

*

நிலாவெளியிலிருந்து திரியாய் போய் ஒரே நாளில் திரும்பலாமா? ஆவணியில் போக உத்தேசம்.
— வாசகர், கோபாலபுரம்

தூரம் பிரச்சினையில்லை. திருகோணமலையிலிருந்து திரியாய் 45 கிலோமீற்றர் அளவு. உங்களுக்கு இன்னும் குறைவு. வீதி மட்டம். நிலாவெளியும் இறக்கக்கண்டிப் பாலமும் தாண்டினால் வாகனம் குறைந்துவிடும். வருகிற பஸ் மட்டும் வேகமாக வரும். பிரச்சினை காற்று.

வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும். வடக்கே போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளுகிறமாதிரி சுகமாக இருக்கும். "நான் நல்லாத்தான் மிதிக்கிறேன்" என்று நினைப்பீர்கள். திரும்பும்போதுதான் விலை. மத்தியான வெயிலும் சூடான எதிர்க்காற்றும் சேர்ந்தால் போகும்போது 2 மணித்தியாலம் எடுத்த தூரம் வரும்போது 4 எடுக்கும். கோடையில் போவதானால் 5 மணிக்கே புறப்பட்டு, 9 மணிக்கு முன் திரும்பத் தொடங்குங்கள். இல்லையென்றால் காற்றோடு திரியாய் வரை ஓடிவிட்டு, திரும்பும்போது சைக்கிளை வாகனத்தில் ஏற்றி வருகிறமாதிரித் திட்டம் போடுங்கள். வாடை அடிக்கும் மார்கழி, தையில் கணக்கு மாறும்: போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. களைத்த பிறகு காற்று உதவுவதால் அந்த ஒழுங்குதான் உடம்புக்கு ஏற்றது. மழை விட்ட இடைவெளியைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

குச்சவெளியில் கடை உண்டு. அதன் பிறகு தண்ணீரை நம்ப வேண்டாம். 35 பாகை வெயிலில் மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றர். 4 மணித்தியாலத்துக்கு 3 லீற்றர். வெறும் தண்ணீரையே குடித்தால் தலையிடியும் கெண்டைக்கால் பிடிப்பும் வரும். 1 லீற்றரில் ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல் பைக்கற் ஒன்றோ, இல்லையென்றால் மட்டமாக எடுத்த 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்புமோ கரையுங்கள். உப்பு அதற்கு மேல் போகக் கூடாது. வாயில் வைத்தால் கண்ணீர் அளவு உவர்ப்பு, அதுதான் பதம்.

குச்சவெளியில் கடற்கரைப் பாறையில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு உண்டு. திரியாயில் குன்றின் மேல் வட்டமாகக் கற்றூண்கள் சூழ்ந்த தூபி. அங்கே பாறையில் உள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு பல்லவ கிரந்த எழுத்தில் இருக்கிறது, திரபுசகன், வல்லிகன் என்ற வணிகர்களின் பெயரைச் சொல்கிறது. கடல் வணிகர் வந்து இறங்கிய கரை இது என்று சைக்கிளில் வந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. களப்பும் கடலும் அவ்வளவு கிட்ட. படிகளில் வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். 10 மணிக்குப் பிறகு கல் சுடும், ஒரு சோடி தடித்த காலுறை பையில் இருக்கட்டும்.

*

கந்தளாய்ப் பக்கம் யானை பயம். விடியற்காலையில் புறப்படுங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அது சரியா?
— வாசகி, கந்தளாய்

கடலோரத்துக்குச் சரி. யானை நடமாடும் இடத்துக்குப் பிழை. யானை மாலை மங்கியபின் வயலுக்கு இறங்கி, விடியும்போது காட்டுக்குத் திரும்பும். 5 மணிக்கு நீங்கள் போகும் அதே வாய்க்கால் கரைதான் அதன் வீட்டுவழி. ஆகவே கந்தளாய், கன்னியாவுக்கு மேற்கே, அல்லை – கந்தளாய் வீதி, திரியாய்க்கு உள்ளே போகும் காட்டுப்பக்கம் எல்லாம் காலை 7 மணிக்குப் பின், மாலை 4 மணிக்கு முன். வெயில்தான், ஆனால் உயிர்.

போகும் முன் தேத்தண்ணிக் கடையில் "ராத்திரி இறங்கினதா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் வேறு வழி. பாதையில் ஈரமான இலத்தி, புதிதாக முறிந்த பச்சைக் கிளை, மின்வேலிக் கம்பம் சாய்ந்த இடம் கண்டால் அங்கேயே திரும்புங்கள். யானையையே கண்டுவிட்டால் மணி அடிக்கவோ சத்தம் போடவோ வேண்டாம். காற்று உங்களிடமிருந்து அதற்குப் போகிறதா என்று பாருங்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். சைக்கிள் சத்தமில்லாதது; மோட்டார் சைக்கிளைத் தூரத்திலேயே கேட்டு விலகும் யானைக்கு நீங்கள் திடுக்கிடும் விருந்தாளி. வளைவு உள்ள பற்றைப் பாதையில் இருவராகப் பேசிக்கொண்டு போவது அதனால்தான் நல்லது. மின்வேலிக்கு மேலால் சைக்கிளைத் தூக்குவது வேண்டவே வேண்டாம்.

கந்தளாய்க் குளக்கட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 14,000 அடி நீளம், 50 அடி உயரம். 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டியதாக வரலாறு, குளக்கோட்டன் கட்டியதாக நம் ஊர் வழக்கு. 20.04.1986 விடியற்காலையில் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கனரக வாகனம் ஏறியதும் ஒரு காரணம் என்ற பேச்சு இன்றும் உண்டு. ஒரு பக்கம் கடல் போலத் தண்ணீர், மறுபக்கம் கீழே ஆழத்தில் வயல். காற்று நாளில் கட்டின் நடுவால் ஓடுங்கள். கால் கழுவ இறங்குவதானால் ஊரார் குளிக்கும் துறையில் மட்டும். ஆளில்லாத துறை முதலைக்கு உரியது.

*

கியர் சைக்கிள் வாங்கத்தான் வேண்டுமா? வீட்டில் அப்பாவின் பழைய லுமாலா இருக்கிறது.
— வாசகர், மூதூர்

வேண்டியதில்லை. நம் தரையில் கியர் மலைக்கு அல்ல, காற்றுக்குத்தான் தேவை. முன்பல் 44, பின்பல் 18 என்றால் 28 அங்குலச் சில்லு ஒரு மிதிக்கு ஏறக்குறைய 5.5 மீற்றர் போகும். நிமிடத்துக்கு 60 மிதித்தால் மணிக்கு 20 கிலோமீற்றர். எதிர்க்காற்றில் அதைக் காப்பாற்ற முடியாமல் 40 மிதிக்கு இறங்குவீர்கள். முழங்கால் நோவது அப்போதுதான். பின்னால் 20 பல் ஃபிரீவீல் போடுங்கள். ஒரு மிதிக்கு 4.9 மீற்றர், அதே 60க்கு மணிக்கு 18. வேகத்தில் இழப்பது 2, நாள் முழுக்க முழங்காலுக்கு மிச்சம் நிறைய. அச்சு 6 மில்லிமீற்றர் முன்னால் வரும். அச்சு நிற்கும் பிளவில் இடமிருந்தால் செயினுக்குப் புதிய கண்ணி தேவையில்லை.

பின் கரியரில் 12 கிலோவுக்கு மேல் கட்டாதீர்கள். உயரக் கட்டினால் மணலில் சைக்கிள் தலையாட்டும். இரு பக்கமும் தாழத் தொங்கவிடுங்கள். புறப்படுமுன் பின்சில்லுக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கிள்ளிப் பாருங்கள். தளர்ந்த கம்பிதான் முறியும், இறுகியது அல்ல. ஒவ்வொரு சுற்றுக்கும் அது மடங்கி நிமிர்ந்து முழங்கை வளைவில் களைத்துப்போகிறது. இரும்பு றிம் மழையில் பிரேக் பிடிக்காது. கட்டை நனைந்தால் 20 மீற்றர் முன்பே மெல்லத் தொட்டுத் தண்ணீரை வழித்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள்.

மூதூரில் இருந்துகொண்டு தூரம் போகவும் தேவையில்லை. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு 19 வருடம் கண்டி ராச்சியத்தில் இருந்த ஆங்கிலக் கடலோடி ரொபட் நொக்ஸின் நினைவிடம் உங்கள் ஊரிலேயே. பள்ளிக்குடியிருப்பு, தோப்பூர் வயல் வீதிகள் காலையில் அநேகமாக வெறுமை. சம்பூர் பக்கம் போனால் ஒன்று: கண்ணிவெடிக்கு எச்சரிக்கையாக மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ பழைய மஞ்சள் நாடாவோ கண்டால், ஒதுங்குவதற்குக்கூட அப்பால் கால் வைக்காதீர்கள். தார் விட்டு இறங்காமல் இருங்கள்.

*

பள்ளிப் பிள்ளைகள் 12 பேரை அரைநாளில் ஒரு வரலாற்றுச் சுற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். எங்கே?
— ஆசிரியை, அன்புவழிபுரம்

கன்னியா, பிறகு வெல்கம் விகாரை. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் 7, பட்டினத்திலிருந்து 8 கிலோமீற்றர் அளவு. ஒவ்வொன்றின் சூடும் சிறிது வேறு. பிள்ளைகள் கையை வைத்து ஒழுங்குபடுத்தட்டும், பாடம் தானாக நடக்கும். இராவணன் தாயின் கிரியைக்காக உண்டாக்கினான் என்ற கதையால் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் இருந்தால் பிள்ளைகளின் சத்தத்தை அடக்குங்கள். நுழைவுச்சீட்டு உண்டு.

பெரியகுளம் பக்கம் உள்ள வெல்கம் விகாரையை நம்மவர் நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழில் பொறித்த கல்வெட்டுகள், விளக்கும் பசுவும் தானம் கொடுத்த செய்தியோடு இருக்கின்றன. பௌத்தப் பள்ளிக்குத் தமிழில் எழுதிக் கொடுத்த தானம் என்பதை அந்த இடத்தில் நின்று சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். உள்ளே தொப்பி, செருப்பு கூடாது. தோள் மறைத்த உடை.

அநுராதபுர வீதியில் 12 சைக்கிளை ஒரே வரிசையாக விடாதீர்கள். 4 பேராக 3 கூட்டம், இடையில் 50 மீற்றர். பின்னால் வரும் பஸ் முந்தி இடையில் புகுந்து நிற்க அந்த இடம் வேண்டும். முன்னும் பின்னும் பெரியவர் ஒருவர். ஒருவருக்குக் காற்றுப் போனால் அந்தக் கூட்டம் மட்டும் நிற்கட்டும். வரம்பில் விழுந்து காலில் கீறல் பட்ட பிள்ளையைச் சேற்றில் நடக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் அந்தக் கீறலால்தான் ஏறும். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், கட்டணம் இல்லை.

*

கடலோரம் ஓடிய பிறகு செயின் இரண்டே நாளில் சிவக்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டும் பயனில்லை.
— வாசகர், சாம்பல்தீவு

தேங்காய் எண்ணெய் பிசினாக மாறி மணலைப் பிடித்து வைக்கும். வந்த அன்றே கிணற்றுத் தண்ணீர் அரை வாளியால் கழுவுங்கள், பழந்துணியால் துடையுங்கள், வெயிலில் அரை மணித்தியாலம். பிறகு தையல் மெசின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு. 10 நிமிடம் கழித்து வெளியே உள்ளதை முழுதும் துடைத்து எடுங்கள். எண்ணெய் உருளைக்குள் இருக்க வேண்டும், வெளியே தெரிந்தால் கூடிவிட்டது.